கட்டாயத் தொண்டும் கல்வியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், “பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊருக்குத் தொண்டு செய்தால்தான் படிப்பு முடிந்ததற்குச் சர்ட்டிபிகேட் கொடுப்பது என்று சர்க்கார் விதி செய்யலாமா, கூடாதா?” என்பதாகும். கேட்பதற்கு இது அற்ப விஷயம் போலத் தோன்றும். “பிள்ளைகள் தெருவைப் பெருக்கினால் என்ன, பெருக்காவிட்டால் என்ன? சுயமரியாதைக்காரருக்கு வேறு வேலை இல்லையா?” என்று உங்களில் சிலர் நினைக்கவும் கூடும். ஆனால் தோழர்களே, யார் வேலை செய்வது, எந்த வேலையைச் செய்வது, யாருக்காகச் செய்வது, யார் ஏவுவது என்கின்ற நாலு கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. நம்முடைய நாட்டு ஜாதி முறை முழுவதும் இந்த நாலு கேள்விகளுக்கு மனுதர்மக்காரர்கள் சொன்ன பதிலே அல்லாமல் வேறு என்ன? ஆகவே இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

வழக்கம்போல் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

அமெரிக்காவில் நடப்பது

இந்த ஏற்பாடு முறையாக நடக்கிற இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே மேரிலாந்து என்று ஒரு ராஜ்யம். 1992இல் அந்த ராஜ்யத்துக் கல்வி போர்டார் ஒரு விதி செய்தார்கள். பொதுப் பள்ளியில் ஹைஸ்கூல் முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் 75 மணி நேரம் தொண்டோடு சேர்ந்த கல்வி முடித்திருக்க வேண்டும், அல்லது போர்டார் ஒப்புக்கொண்ட வேறு திட்டப்படி அதைச் செய்திருக்க வேண்டும் என்பது விதி. 1997இல் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு அது முதல் முதலாக அமுலுக்கு வந்தது. ராஜ்யம் முழுமைக்கும் இப்படி விதித்தது அந்தத் தேசத்தில் மேரிலாந்துதான் முதல். தலைநகரமாகிய வாஷிங்டனில் 100 மணி நேரம். பக்கத்துத் தேசமாகிய கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 1999 முதல் 40 மணி நேரம்.

இந்த யோசனை திடீரென்று வந்ததல்ல. வில்லியம் ஜேம்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1910இல் ஒரு கட்டுரை எழுதினார். யுத்தத்துக்கு ஆள் பிடிப்பதற்குப் பதிலாக, சொகுசாக வளர்ந்த பணக்கார வீட்டு வாலிபர்களைச் சுரங்கம் வெட்டவும், ரோடு போடவும், பாத்திரம் கழுவவும் சில வருஷ காலம் அனுப்பினால் என்ன என்பது அவர் கேள்வி. கவனியுங்கள்! ஏற்கெனவே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவனை மறுபடியும் கழுவச் சொல்லவில்லை. கழுவாதவனைக் கழுவச் சொன்னார். பிறகு ஜான் டூயி 1916இல் எழுதிய ஜனநாயகமும் கல்வியும் பற்றிய புத்தகத்தில், வாழ்க்கையிலிருந்து பிரித்து வைத்த படிப்பு படிப்பாகாது என்று விளக்கினார். 1983இல் எர்னஸ்ட் பாயர் என்ற கல்வி நிபுணர், ஹைஸ்கூல் நாலு வருஷத்தில் 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகே மேரிலாந்து விதி வந்தது.

அவர்கள் இதற்கு வெறுமனே “தொண்டு” என்று பேர் வைக்கவில்லை. தொண்டுவழிக் கல்வி என்று பேர் வைத்து, அதை மூன்று பாகமாக்கியிருக்கிறார்கள். முதலில் ஆயத்தம், அடுத்தது காரியம், கடைசியில் செய்ததைப் பற்றிச் சிந்திப்பது. உதாரணமாக, ஓர் ஓடையிலே குப்பை பொறுக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடை எங்கே பிறந்து எங்கே போகிறது, அந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவது ஆயத்தம். குப்பை பொறுக்குவது காரியம். குப்பை எங்கிருந்து வந்தது, யார் கொட்டினான், அவனை ஏன் யாரும் கேட்கவில்லை என்று வகுப்பில் உட்கார்ந்து விவாதிப்பது சிந்தனை. இந்த மூன்றாவது பாகம் இல்லாவிட்டால், அந்தப் பிள்ளைக்கும் கூலிக்குக் குப்பை அள்ளுகிற ஆளுக்கும் வித்தியாசம் கூலி கிடையாது என்ற ஒன்றுதான்!

கோர்ட்டுக்குப் போன வழக்கு

எல்லோரும் இதைச் சும்மா ஒப்புக்கொண்டுவிடவில்லை. பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் பெத்லஹேம் பள்ளிக்கூட நிர்வாகம் 60 மணி நேரம் விதித்ததை எதிர்த்துப் பெற்றோர்களும் பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் ரை நெக் என்ற இடத்தில் 40 மணி நேரத்தை எதிர்த்து ஒரு வழக்கு. வட கரோலினாவில் சாப்பல் ஹில் என்ற ஊரில் 50 மணி நேரத்தை எதிர்த்து ஒரு வழக்கு. இவர்கள் எடுத்துக் காட்டிய சட்டம் எது தெரியுமா? 1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தம். “மனிதனை அவன் இஷ்டத்துக்கு விரோதமாக வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லுகிறது, எங்கள் பிள்ளைகளைக் கூலியில்லாமல் வேலை வாங்குவது அடிமைத்தனம் அல்லவா?” என்று கேட்டார்கள்.

1993இல் ஒன்றும், 1996இல் இரண்டுமாக, மூன்று வழக்கிலும் அப்பீல் கோர்ட்டுகள் பெற்றோர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லின. இது பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்பட்டது, அந்தத் திருத்தம் ஒழிக்க வந்த அடிமை முறையோடு இதை ஒன்றாகப் பார்க்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதோடு, இஷ்டமில்லாதவன் தனியார் பள்ளிக்குப் போகலாம், வீட்டிலிருந்து படித்து வேறு பரீட்சை எழுதலாம் என்றும் சொன்னார்கள்.

முதல் காரணத்தை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். இரண்டாவது காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. தனியார் பள்ளிக்குப் போகிற வழி பணமுள்ளவனுக்குத்தான் உண்டு. ஏழைப் பிள்ளையைப் பார்த்து “உனக்குப் பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்குப் போ” என்பது, பசித்தவனைப் பார்த்து “சோறு பிடிக்காவிட்டால் பலகாரம் சாப்பிடு” என்று சொல்லுவது போன்றதாகும். ஆனபடியால் இந்த விதி நியாயமா அநியாயமா என்பதை, தப்பித்துப் போக வழி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த வேலையின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடிமை வேலை எது?

அப்படியானால் அடிமை வேலைக்கு அடையாளம் என்ன? அதையும் மேரிலாந்திலிருந்தே காட்டுகிறேன். இன்று தொண்டுவழிக் கல்வி பேசுகிற அதே மேரிலாந்து, 1864 நவம்பர் வரையில் மனிதனை மாடுபோல் விற்று வாங்கிய ராஜ்யம். பிரடரிக் டக்ளஸ் என்ற மகா அறிஞர் 1818இல் அங்கேதான் அடிமையாகப் பிறந்தார். சிறு பையனாகப் பால்டிமோர் பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தபோது, அந்த வீட்டு எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். எஜமானன் பார்த்துவிட்டுத் தடுத்தான். அடிமை படித்தால் அடிமை வேலைக்கு உதவமாட்டான் என்பது அவன் சொன்ன காரணம். டக்ளஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விடுதலைக்கு வழி எதுவென்று எஜமானன் வாயாலேயே தெரிந்துகொண்டார்! தெருவில் வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டார். 1838இல் தப்பி ஓடினார். 1845இல் தம் சரித்திரத்தைத் தாமே புத்தகமாக எழுதினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வேலை செய்வது மாத்திரம் அடிமைத்தனம் அல்ல. வேலையை வாங்கிக்கொண்டு அறிவைத் தடுப்பதுதான் அடிமைத்தனம். “நீ செய், ஏன் என்று கேட்காதே” என்று எங்கே சொல்லப்படுகிறதோ, அங்கே அடிமை முறை இருக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்முடைய நாட்டுக்கு வாருங்கள். சூத்திரனுக்கு அடிமைத்தொழில் தர்மம், கல்வி பாவம் என்று எழுதிவைத்தவர்களுக்கும் பால்டிமோர் எஜமானனுக்கும் என்ன வித்தியாசம்? எஜமானன் தன் லாபத்துக்காகச் சொல்லுகிறேன் என்று ஒப்புக்கொண்டான். நம்மவர்கள் கடவுள் சொன்னார் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான்! 1953இல் சென்னை ராஜ்யத்தில் ராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை இந்த இயக்கம் ஏன் எதிர்த்தது? கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நாளொன்றுக்கு 5 மணியாக இருந்த படிப்பை 3 மணியாகக் குறைத்து, மற்ற நேரத்தில் பிள்ளை தன் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். வண்ணான் பிள்ளை வெளுக்க வேண்டும். சக்கிலியன் பிள்ளை செருப்புத் தைக்க வேண்டும். அங்கேயும் வேலை இருந்தது. ஆனால் அது படிப்பைக் குறைத்துக்கொண்டு வந்த வேலை, பிறவி பார்த்துக் கொடுத்த வேலை. அதனாலேயே அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தோம். 1954இல் காமராஜர் முதல் மந்திரியாக வந்து அதைக் கைவிட்டார்.

“அதை எதிர்த்த நீ இதை எப்படி ஆதரிக்கலாம்?” என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 2 மணி நேரம் குறைந்தால், வருஷத்துக்கு 200 நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால் 400 மணி நேரப் படிப்பு போயிற்று. மேரிலாந்தின் 75 மணி நேரத்தை நாலு வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு 19 மணி நேரம்கூட வராது. அது படிப்பைக் குறைத்து வருவதும் அல்ல. படிப்போடு சேர்ந்து வருவது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கு எந்த வேலை என்பதை அங்கே தகப்பன் தொழில் தீர்மானிப்பதில்லை.

நம்முடைய அரசியல் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1950இல் அமுலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, வெட்டி வேலை வாங்குவதையும் பலவந்த உழைப்பையும் குற்றமாக்குகிறது. அதே பிரிவின் இரண்டாவது பகுதி, பொதுக் காரியத்துக்காகச் சர்க்கார் கட்டாய சேவை விதிக்கலாம், ஆனால் மதம், இனம், ஜாதி, வர்க்கம் இவைகளை மாத்திரம் காரணமாகக் கொண்டு வித்தியாசம் காட்டக் கூடாது என்று சொல்லுகிறது. வெட்டியும் தொண்டும் ஒரே பிரிவுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வேலி அந்த நிபந்தனைதான். வேலியை எடுத்துவிட்டால் தொண்டு வெட்டியாகிவிடும்.

வேலி எடுபட்டால் என்ன ஆகும் என்பதை நான் கற்பனை செய்து சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவுவதற்குத் தாழ்த்தப்பட்ட ஜாதிப் பிள்ளைகளை மாத்திரம் பொறுக்கி அனுப்பினார்கள் என்ற செய்தியை நம் பத்திரிகைகளில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! அனுப்பிய உபாத்தியாயரைக் கேட்டால் “அதுவும் ஒரு தொண்டுதானே, காந்தியார் செய்யவில்லையா?” என்பார். காந்தியார் தம்முடைய கையால் செய்தார். இவர் பிறத்தியான் பிள்ளையின் கையால் செய்கிறார்!

தொண்டும் புண்ணியமும்

இன்னொரு ஆட்சேபனை இருக்கிறது. “தொண்டு என்பது மனம் விரும்பிச் செய்வது, கட்டாயப்படுத்தினால் அது தொண்டாகுமா?” என்கிறார்கள். நல்ல கேள்வி. இதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1999இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், முதலிலேயே விருப்பமில்லாத மாணவர்களைக் கட்டாயப்படுத்தினால், பின்னால் தாமாகத் தொண்டு செய்யும் எண்ணம் அவர்களுக்குக் குறைந்துபோகிறது என்றும், தாமே தெரிந்தெடுக்கும்படி விட்டால் அப்படிக் குறைவதில்லை என்றும் கண்டார்கள். மேரிலாந்தைப் பற்றி 2013இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியோ, விதி வந்தபின் எட்டாம் வகுப்பில் தொண்டு செய்வோர் அதிகமானார்கள், பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்தார்கள் என்று காட்டியது. அதாவது, சின்ன வகுப்பிலேயே மணிக்கணக்கை முடித்துவிட்டு “அப்பாடா” என்று உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பகுத்தறிவுக்காரன் தனக்குச் சாதகமான கணக்கை மாத்திரம் காட்டி மற்றதை மடியில் மறைத்துக்கொண்டால், புராணப் பிரசங்கிக்கும் அவனுக்கும் என்ன பேதம்? இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, மணியை எண்ணுவதால் மாத்திரம் மனம் மாறாது என்பதே. கோயிலை நூற்றெட்டுத் தடவை சுற்றுகிறவன் எண்ணிக்கையில் கண்ணாக இருப்பானே ஒழிய, ஏன் சுற்றுகிறோம் என்று யோசிப்பதில்லை. 75 மணியும் அப்படி ஒரு பிரதட்சணமாகப் போய்விடக் கூடாது.

கட்டாயம் என்பதாலேயே ஒன்று கெட்டது ஆகிவிடாது. கணக்குப் பாடம் கட்டாயம்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே கட்டாயமாக வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். ஊர் எப்படி நடக்கிறது, சாக்கடை யார் வேலை, ஆஸ்பத்திரியில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு பாடந்தான். அதைப் பாடம் என்று சொல்லிக் கட்டாயமாக்குங்கள். பிள்ளையிடம் போய், “நீ தியாகம் செய்கிறாய், புண்ணியம் சம்பாதிக்கிறாய்” என்று பொய் சொல்லாதீர்கள்.

புண்ணியம் என்கிற எண்ணம் புகுந்த இடத்தில் தொண்டு வியாபாரமாகிவிடுகிறது. அன்னதானம் போடுகிறவனுக்கு மோக்ஷம் வேண்டும். மோக்ஷம் வேண்டுமானால் தானம் வாங்க ஏழை வேண்டும். ஆகவே ஏழை என்றைக்கும் இருக்க வேண்டும்! நமக்கு வேண்டிய தொண்டு அதற்கு நேர் எதிரானது. இன்றைக்குக் கஞ்சி ஊற்றுகிற பிள்ளை, நாளைக்கு இவன் ஏன் இங்கே வரிசையில் நிற்கிறான் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் மேரிலாந்துக்காரர்கள் மூன்றாவது பாகத்தை வைத்தார்கள். நம்மவர்கள் இதைக் கொண்டுவந்தால் முதலில் வெட்டி எறியப் போவதும் அந்த மூன்றாவது பாகத்தைத்தான். ஏவினபடி பெருக்குகிற பிள்ளையை எந்தச் சர்க்காருக்கும் பிடிக்கும்; ஏன் குப்பை என்று கேட்கிற பிள்ளையைப் பிடிக்காது.

நாம் கேட்க வேண்டிய நிபந்தனைகள்

நம் தேசத்தில் 1969இல் ஆரம்பித்த நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அது இஷ்டப்பட்டுச் சேருகிறவர்களுக்கு. அதையோ அதைப் போன்ற ஒன்றையோ எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் ஆக்குகிறோம் என்று யாராவது வந்தால், நாம் சும்மா கை தட்டவும் வேண்டாம், சும்மா எதிர்க்கவும் வேண்டாம். ஐந்து நிபந்தனை கேட்போம்.

முதலாவது, எந்த வேலை யாருக்கு என்பதைப் பிள்ளைகளே தெரிந்தெடுக்கட்டும். யாரும் விரும்பாத வேலையைச் சீட்டுக் குலுக்கிப் போடட்டும். சீட்டுக்கு ஜாதி தெரியாது. தாசில்தார் பிள்ளை பேரும் வரும், தோட்டி பிள்ளை பேரும் வரும்.

இரண்டாவது, கூலிக்காரன் வேலையைப் பிடுங்கக் கூடாது. ஒண்டாரியோவில் இதற்கு விதி இருக்கிறது. சாதாரணமாகக் கூலி கொடுத்துச் செய்விக்கிற வேலை தொண்டுக் கணக்கில் சேராது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தொழிற்சாலையில் கணக்கு இல்லை. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சுரங்கத்தில் கணக்கு இல்லை. இந்த விதி இல்லாவிட்டால் முனிசிபாலிடியார் துப்புரவுக்காரரை நீக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு அனுப்புவார்கள்.

மூன்றாவது, அந்த மணி நேரம் பள்ளிக்கூட நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பணக்காரப் பையனுக்கு 40 மணி என்பது நாலைந்து ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. சாயங்காலம் கடையில் வேலை செய்து வீட்டுக்குக் காசு கொண்டுவருகிற பையனுக்கு அது 40 மணி நேரக் கூலி. விடியற்காலம் தண்ணீர் தூக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, அடுப்பு மூட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருகிற பெண் குழந்தைக்கு அந்த நேரமே கிடையாது. வீட்டு வேலை தொண்டாகாது என்று விதி செய்வது சுலபம். அந்த வீட்டு வேலையைப் பெண் தலையில் மாத்திரம் யார் கட்டினார்கள் என்பதையும் வகுப்பில் பேசட்டும்.

நாலாவது, கோயில் உற்சவம், பஜனை, மதப் பிரசாரம் எதுவும் கணக்கில் சேரக் கூடாது. எந்த மதமானாலும் இதே விதிதான்.

ஐந்தாவது, கேள்வி கேட்கிற பாகம் இருந்தே தீர வேண்டும். செய்த வேலையைப் பற்றிப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். “குளம் ஏன் கெட்டது? வாய்க்காலை யார் அடைத்தார்? சேரித் தெருவுக்கு மாத்திரம் விளக்கு ஏன் வரவில்லை?” என்று எழுதினால், அந்த எழுத்தைப் பஞ்சாயத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதினதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது.

தோழர்களே! இந்த ஐந்தும் இருந்தால், தெருவைப் பெருக்குகிற மேல்ஜாதிப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போய், “நான் பெருக்கினேன், கை ஒன்றும் அழுகிவிடவில்லை, பிறகு ஏன் பெருக்குகிறவனைத் திண்ணையில் உட்கார விடுவதில்லை?” என்று தகப்பனைக் கேட்பான். அந்த ஒரு கேள்வி நம்முடைய நூறு கூட்டத்துக்குச் சமானம். இந்த ஐந்தும் இல்லாவிட்டால், ஜாதித் தொழிலுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மார்க்குப் போட்டுச் சர்ட்டிபிகேட்டும் கொடுத்ததாக முடியும்.

உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெற்றோர் கூட்டமும் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தாய்மார்களும் தகப்பன்மார்களும் அவசியம் போங்கள். “எங்கள் பிள்ளைகள் பள்ளியில் என்ன வேலை செய்கிறார்கள், எந்தப் பிள்ளை எந்த வேலை செய்கிறது, யார் பிரித்துக் கொடுக்கிறார்கள்?” என்று எழுந்து கேளுங்கள். பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். இதை இந்த வாசகசாலைத் தோழர்கள் முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.